இரண்டு இருக்கைக் கயாக் வாங்கி நாங்கள் பட்ட பாடு

ஏரியில் மீன்பிடிக்க அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கயாக்காக (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வாங்கிவிடலாம் என்று முடிவு செய்ததற்கு முதல் காரணம் காசு. தனித்தனியாக இரண்டு வாங்குவதைவிட இரட்டை இருக்கைக் கயாக் ஒன்று கணிசமாக மலிவு. இன்னொரு காரணம், அப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஏரி நடுவில் அவரைத் தனியாக ஒரு படகில் விட எனக்கு மனசு வரவில்லை. கடையில் விற்பனையாளர் பேசியதெல்லாம் அப்பாவிடம்தான். அதைத் தூக்கப்போவதும் ஓட்டப்போவதும் நான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அது போகட்டும். 12 அடி நீளம், 34 அங்குல அகலம், உள்ளே காலை நுழைக்காமல் மேலேயே உட்காரும் வகை, 225 கிலோ தாங்கும் என்று பக்கவாட்டில் ஸ்டிக்கர். இருவருக்கும் தாராளமாகப் போதும் என்றார்கள். வாங்கினோம். ஒரு சீசன் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, இரண்டு தூண்டில் ராடு, ஒரு பெட்டி நிறைய லூர் (கொக்கி மாட்டிய போலி இரை), ஒரு போன் எல்லாவற்றையும் தண்ணீருக்குக் கொடுத்து, கடைசியில் ஏறக்குறைய பாதி விலைக்கு விற்றோம். பணம் போனதைவிட அன்றைக்கு அப்பாவைத் தண்ணீரில் பார்த்த பயம்தான் இதை எழுத வைக்கிறது. வாங்குவதற்கு முன்னால் யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதலில் அந்த 225 கிலோ. அப்பா 92 கிலோ, நான் 68. ஐஸ் பெட்டி, ராடுகள், லூர் பெட்டி, நங்கூரம், குடிதண்ணீர், மீன் காட்டும் கருவிக்கு ஒரு சின்ன பேட்டரி, துடுப்பு, மிதவை அங்கி எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 195. காகிதத்தில் இன்னும் 30 கிலோ மிச்சம். ஆனால் தண்ணீரில் இறக்கியதும் படகு முழங்காலிட்ட மாடு மாதிரி அமுங்கி நின்றது. உட்காரும் தட்டிலிருந்து அடிவரை ஊடுருவும் வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, இருக்கைக்குக் கீழே எப்போதும் ஒரு விரல்கடை நின்றது. நாள் முழுக்க ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது: அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எத்தனை எடை என்று தகடு பதித்தே விற்க வேண்டும், கயாக்குக்கும் கேனோவுக்கும் (மேலே திறந்த துடுப்புப் படகு) காற்றடைத்த படகுக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. ஐரோப்பாவில் சிறு படகுகளுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கும் சட்டத்திலும், கையால் துடுப்புப் போடும் கயாக் சேராது. ஆகவே கயாக்கில் ஒட்டியிருக்கும் எண் தயாரிப்பாளர் தானாகச் சொல்வது. ஒருவர் சௌகரியமாக ஓட்டக்கூடிய எடையை எழுதுவார், இன்னொருவர் மூழ்காமல் மிதக்கும் எல்லையை எழுதுவார். அனுபவசாலிகள் அந்த எண்ணில் 65 முதல் 70 சதவீதத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். 225-க்கு 70 சதவீதம் போட்டால் 157. எங்கள் இருவரின் உடம்பே 160. கடையிலேயே போனில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எடை மேடையில் ஏறும்போது செருப்பையும் ஈரத் துணியையும் மறந்துவிட வேண்டாம்.

அடுத்தது படகின் சொந்த எடை. விவரத்தாளில் 36 கிலோ என்றிருந்தது. இருக்கைகள், பிடிமானங்கள், பொருட்கள் சேராத எடை அது. இருவர் இருக்கிறோமே, தூக்கிவிடலாம் என்று நினைப்போம். போகும்போது தூக்கலாம், திரும்பி வரும்போது, முதுகு பிடித்த அப்பாவும் கை ஓய்ந்த நானும் அதைக் கார் கூரைக்கு ஏற்ற வேண்டும். அகலமான பிளாஸ்டிக் உடல், பிடிக்க வசதியான இடம் இரண்டு முனைகளில் மட்டும். பல நாள் யாராவது வழிப்போக்கரைக் கூப்பிட வேண்டியிருந்தது. இதற்காகவே வடிகால் துளைகளில் இரண்டு குழாய்களைச் செருகி நிறுத்தும் ஒரு தள்ளுவண்டியை அதே கடையில் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், கதையில் அதற்கும் பங்கு உண்டு.

துடுப்புப் போடுவது பழகப் பழக வந்துவிடும். முன்னால் இருப்பவர் தாளம் வைக்க, பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போட வேண்டும். திருப்புவதும் பின்னால் இருப்பவர் வேலை. இது பிடிபடும்வரை துடுப்போடு துடுப்பு இடித்துக்கொண்டே இருக்கும், கோபமும் வரும். இதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். மீன்பிடிக்க ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். 12 அடி நீளத்தில் இரண்டு இருக்கை வைத்தால் பின்னால் இருப்பவரின் பாதம் கிட்டத்தட்ட முன்னிருக்கையின் முதுகைத் தொடும். நான் பின்னால் இருந்து ராடை வீசும்போது மும்முனைக் கொக்கி அப்பாவின் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் போகும். ஒருநாள் வீசிய லூர் தண்ணீருக்குப் போகவே இல்லை. பார்த்தால், அவர் தொப்பி விளிம்பில், இடது காதுக்கு நேர் பின்னால், கொக்கியின் ஒரு முள் துணியைத் துளைத்து நிற்கிறது. மற்ற இரண்டும் காது மடலுக்கு அருகே ஆடிக்கொண்டிருக்கின்றன. அப்பா திரும்பாமலேயே, "அம்மாடி, மீன் அந்தப் பக்கம் இருக்கு" என்றார். சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு ஒருவர் வீசும்போது மற்றவர் ராடைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. இருவர் போகிறோம், ஒருவர்தான் பிடிக்கிறோம். இரட்டைக் கயாக் பார்க்கப் போனால் கடையிலேயே இருவரும் ஏறி உட்கார்ந்து, கையில் ஒரு ராடு வைத்து வீசுவது போல் செய்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். 13, 14 அடி இருந்தால் இந்த இடைவெளி கொஞ்சம் தேவலாம், ஆனால் எடையும் ஏறும்.

யார் எங்கே உட்காருவது என்பதும் விருப்பப்படி நடக்காது. அப்பாவுக்கு முன்னால் உட்காரத்தான் ஆசை. அவர் முன்னால் இருந்தால் மூக்கு அமுங்கி, வால் தூக்கி, படகு நேராகப் போகவே போகாது. ஒவ்வொரு துடுப்புக்கும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றும். எடை கூடுதலானவர் பின்னால் என்பதுதான் பொது வழக்கம். இடம் மாற்றிக்கொண்டோம், படகு நேராகப் போயிற்று, அப்பாவின் முகம்தான் கொஞ்ச நாள் நேராகவில்லை. உங்கள் இருவருக்கும் எடை வித்தியாசம் அதிகம் என்றால், இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்த முடிகிற மாடலாகப் பாருங்கள். சுக்கான் இருந்தால் காற்றில் பெரிய உதவி.

இப்போது அந்த நாள். காலையில் தண்ணீர் அசையாமல் இருந்தது. ஏரியின் நடுவில் ஒரு மேட்டுப் பகுதிக்கு மேல் நங்கூரம் போட்டிருந்தோம். நங்கூரக் கயிறு கட்டும் கொக்கி இந்தப் படகில் பின்னிருக்கைக்குப் பக்கத்தில், விளிம்பில், தயாரிப்பிலேயே வைத்துக் கொடுத்தது. காற்று இல்லாதவரை ஒன்றும் தெரியாது. வெயில் ஏறியதும் காற்று எழுந்தது, கொஞ்ச நேரத்தில் சிற்றலை உடைந்து நுரை தெரிய ஆரம்பித்தது. பக்கவாட்டில் கட்டியதால் படகு அலைக்கு முதுகைக் காட்டாமல் விலாவைக் காட்டி நின்றது. கயிறு இழுக்க இழுக்க அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்தது. இதற்கிடையில் காலையிலிருந்தே படகு ஒரு மாதிரி கனமாக, சோம்பலாக நடந்துகொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். சாய்ந்தால் நிமிர்ந்து வர நேரம் எடுத்தது. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே காலியாக இருக்க வேண்டிய ஓட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று அப்போது தெரியாது. போகலாம் என்று அப்பா திரும்பிக் கயிற்றை இழுக்கக் குனிந்தார். ஓட்டுக்குள் இருந்த தண்ணீர் மொத்தமும் அவர் பக்கம் ஓடுவது சலசலவென்று காலுக்கடியில் கேட்டது. அடுத்த நொடி இருவரும் தண்ணீரில்.

அங்கி இருந்ததால் மிதந்தோம். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தும் முறை எனக்குத் தெரியும்: குறுக்கே கையை நீட்டி எதிர் விளிம்பைப் பிடித்து, முழங்காலை ஓட்டில் ஊன்றிப் பின்னால் சாய வேண்டும். உள்ளே தண்ணீர் இருந்ததால் பாதி எழுந்து மறுபடி விழுந்தது. ஒருவழியாக நிமிர்ந்தது. நான் முதலில் வயிற்றைப் போட்டு, பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை இழுத்து ஏறிவிட்டேன். அப்பாவால் முடியவில்லை. நான் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஈடுகொடுக்க, "காலை உதைச்சு எழும்புங்கப்பா" என்று கத்துகிறேன். அவர் நெஞ்சு விளிம்புக்கு வரும், அங்கியின் முன்பையில் இருந்த லூர் பெட்டி விளிம்பில் மாட்டும், வழுக்கிக் கீழே போவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாகவே எழும்பினார். பிறகு அவரே, "விடும்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். பின்கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, காற்று தள்ளும் திசையிலேயே துடுப்புப் போட்டேன். என் துடுப்பு கயிற்றில் கட்டியிருந்ததால் தப்பியது. அவருடையது கண்ணெதிரே மிதந்து போய்விட்டது. காருக்கு நேர் எதிர்க் கரையில் போய்ச் சேர்ந்தோம். கரையில் அப்பா அங்கியின் பக்கிளைக் கழற்றப் பார்க்கிறார், விரல்கள் மடங்கவே இல்லை. நான்தான் கழற்றினேன். அதற்குப் பிறகு கரையைச் சுற்றி நடந்து கார் வரை போனதில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். வாங்கப்போகும் படகு எதுவாக இருந்தாலும், உங்களில் உடல் வலு குறைந்தவர் தண்ணீரிலிருந்து அதில் திரும்ப ஏற முடியுமா என்பதைத்தான் முதல் கேள்வியாக வையுங்கள். மீன்பிடி ராடு தாங்கி எத்தனை, கப் வைக்கும் குழி எத்தனை என்பதெல்லாம் அப்புறம். முடிந்தால் வாடகைக்கு எடுத்து, நெஞ்சளவு ஆழத்தில், வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். ஒரு கயிற்று வளையத்தைத் தொங்கவிட்டு அதில் காலை வைத்து ஏறும் உத்தி பலருக்குக் கை கொடுக்கிறது. அதையும் அங்கேயே பழகுங்கள். குளிர்ந்த நீரைப் பற்றி ஆராய்ந்த கனடாவின் கார்டன் கீஸ்பிரெக்ட் ஒரு 1-10-1 கணக்கு சொல்கிறார்: பனிக்குளிர் நீரில் விழுந்தால் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர 1 நிமிடம், கைகால் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். நாங்கள் விழுந்த நீர் அவ்வளவு குளிர் இல்லை, ஆனாலும் கைவலு முதலில் போகும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அங்கி வாங்கும்போது நியூட்டன் எண்ணை, அதாவது அது எவ்வளவு மிதக்க வைக்கும் என்ற அளவைப் பாருங்கள். 50 என்றிருப்பது நீச்சல் தெரிந்து, கரைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு. மயங்கினால் முகத்தை மேலே திருப்பிவிடும் என்ற உறுதி அதில் இல்லை. 100-ம் அதற்கு மேலும் இருப்பவை அதற்காக வடிவமைத்தவை, ஆனால் துடுப்புப் போடக் கொஞ்சம் பருமன். முன்பையில் கெட்டியான எதையும் வைக்காதீர்கள். நங்கூரத்தை முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும் கட்டுங்கள், சட்டென்று அறுக்க ஒரு கத்தி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓட்டுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்பது வீட்டில்தான் தெரிந்தது. மூடியில்தான் கசிவு என்று நினைத்து ரப்பரை மாற்றியும் பயனில்லை. கடைசியில் படகை இரண்டு முக்காலிமேல் வைத்து, உள்ளே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே படுத்துப் பார்த்தேன். பின்பக்க வடிகால் குழாய் ஒன்றின் அடியில், மேல்தட்டும் கீழ்த்தட்டும் சேரும் வளைவில், மயிரிழை போல ஒரு விரிசல். அதன் நுனியில் சொட்டு திரண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தள்ளுவண்டியின் குழாய் செருகும் துளை அது. சாமானோடு சேர்த்து முழு எடையும் அந்த இரண்டு துளைகளில் உட்கார்ந்து, மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி வெடித்திருக்கிறது. படகின் அடிப்பகுதியைத் தாங்கிப் பட்டையால் கட்டும் வண்டிதான் வாங்க வேண்டும். இந்தப் படகின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனில் கீறல் விழுந்தால் கவலை இல்லை, விரிசல் விட்டால் சாதாரண பசை எதுவும் ஒட்டாது. அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் அடைக்க வேண்டும். பழைய கயாக் வாங்குகிறவர்கள் இந்த வாளித் தண்ணீர் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு மற்ற வகைகளையும் போய்ப் பார்த்தோம். பெடல் மிதிக்கும் இரட்டைக் கயாக் மீன்பிடிக்க அருமை, இரண்டு கையும் காலியாக இருக்கும். 1997-இல் ஹோபி நிறுவனம் கொண்டுவந்த, படகுக்கு அடியில் வால் அசைந்து தள்ளும் துடுப்பு வால் முறையில் ஆழம் குறைந்த இடத்தில் வாலைப் படகின் அடிப்பக்கத்தோடு ஒட்டவைத்துக்கொள்ளலாம். விசிறி முறையில் பின்னோக்கிப் போவது சுலபம், ஆனால் நீர்ப்பாசியில் சிக்கும். இரண்டுக்கும் பொதுவான வில்லங்கம் எடை: இருவர் மாடல்கள் 50 கிலோவைத் தாண்டிவிடும். காற்றடைத்ததில், உள்ளே ஆயிரக்கணக்கான நூல்களால் மேலும் கீழும் இழுத்துப் பிடித்த தளம் உள்ளவை பலகை மாதிரி கெட்டியாக நிற்கின்றன, பல மாடல்களில் 8 முதல் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றடிக்கலாம். கார் டிக்கியில் அடங்கும். கொக்கி குத்துமே என்று பயந்தேன். நல்ல பிவிசி அவ்வளவு சுலபமாகக் கிழியாது, ஆனால் வெயிலில் கரையில் போட்டுவிட்டுப் போனால் காற்று விரிந்து தையல் விட்டுவிடும். காற்றில் இலை மாதிரி அலைவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் தெம்பாக, தண்ணீர் பழகியவர்களாக இருந்தால், என் வாக்கு தனித்தனி ஒற்றைக் கயாக்குக்குத்தான். ஒருவர் கவிழ்ந்தால் மற்றவர் உலர்ந்த படகில் இருப்பார். உதவிக்கு அதைவிட என்ன வேண்டும்?

அப்பாவுக்கு அது சரிவராது. நாங்கள் எடுத்தது 12 அடிக்கு 4 அடி, அடி தட்டையான பழைய அலுமினியப் படகு. மோட்டார் படகுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுத்தால் எத்தனை பேர் என்று வரும். 48-ஐ வகுத்தால் மூன்று பேர். இரண்டு பேருக்கு நிஜமாகவே இடம் இருக்கிறது. ஒருவர் முன்பலகை, ஒருவர் பின்பலகை, கொக்கி யார் காதையும் தேடிப் போவதில்லை. கரையிலேயே காலை வைத்து ஏறி உட்கார்ந்துவிடலாம். குறை இல்லாமல் இல்லை. டிரெய்லர் இறக்கச் சரிவு இல்லாத கரைக்குப் போக முடியாது. அலை கிளம்பினால் தட்டை அடி பட்பட்டென்று அறையும், படகின் பின்சுவர் தாழ்வு என்பதால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே விழும். கவிழ்ந்தால் ஏறுவதற்குப் பின்பக்கம் மடக்கு ஏணி ஒன்று தனியாகப் போட்டோம். பழையது வாங்கும்போது ஆணிகள் கசிகிறதா என்று அதே வாளிச் சோதனை; பலகைக்கு அடியில் அடைத்திருக்கும் நுரைப்பஞ்சு தண்ணீர் குடித்திருக்கிறதா என்றும் அமுக்கிப் பாருங்கள். குடித்திருந்தால் எடையும் போச்சு, மிதப்பும் போச்சு. மோட்டார் மாட்டினால் பதிவு வேண்டுமா என்பதை உங்கள் இடத்து விதியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கயாக்கை வாங்கியவரிடம் விரிசலைக் காட்டி, உருக்கி அடைத்த இடத்தையும் காட்டித்தான் கொடுத்தேன். அவர் இரண்டு இருக்கையையும் கழற்றி, நடுவில் ஒன்றை மட்டும் மாட்டித் தனியாகப் போகிறார். ஓர் ஆளுக்கு அந்தப் படகு கச்சிதம்.

மோட்டார் விஷயம் மட்டும் எங்களுக்குள் இன்னும் இழுபறி. எனக்கு ஒரு சின்ன மின்சார மோட்டார் வேண்டும், காற்று எதிர்த்தால் திரும்பி வர. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 25 கிலோவுக்கு மேல் இருக்கும், அதன் சார்ஜிலும் பாதியைத்தான் எடுக்கலாம். லித்தியம் என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடியும், விலைதான் கடிக்கிறது. அப்பா துடுப்பு வளையத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "இது போதும்மா, மோட்டார் சத்தத்துல மீன் வராது" என்கிறார். அலுமினியத்தில் அவர் காலால் டப்பென்று உதைக்கும் சத்தத்துக்கு மட்டும் மீன் வந்துவிடும்போல.